சிவப்பா நீலமா என்று யாரும் கேட்பதில்லை

சினிமாவில் வரும் வெடிகுண்டுக் காட்சி நமக்கெல்லாம் மனப்பாடம். வியர்த்து வழியும் முகம், சிவப்பு எண்களில் இறங்கிக்கொண்டே வரும் டைமர், கையில் கட்டிங் பிளேயர், "சிவப்பா, நீலமா?" கடைசி நொடியில் ஒயர் அறுபடும், எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். இதில் ஒயர், டைமர் எல்லாம் சின்னத் தவறுகள். பெரிய தவறு, அந்த மனிதர் அங்கே உட்கார்ந்திருப்பதுதான். குண்டைச் செயலிழக்கச் செய்யும் தொழிலில் கடந்த 80 ஆண்டுகளாக நடந்த முன்னேற்றம் முழுவதும், மனிதக் கையைக் குண்டிடமிருந்து தள்ளிவைப்பதற்காக நடந்ததுதான். திரை அந்தக் கையைத் திரும்பத் திரும்பக் குண்டின் மேல் கொண்டுபோய் வைக்கிறது.

நிஜத்தில் வேலை எங்கே தொடங்குகிறது? கேள்வி கேட்பதில். மர்மப் பை கிடக்கிறது என்று தகவல் வந்ததும் நிபுணர் நேராகப் பையை நோக்கி நடப்பதில்லை. அதை முதலில் பார்த்தவரைத் தேடிப்பிடித்து உட்கார வைத்துப் பேசுகிறார். என்ன பார்த்தீர்கள், எங்கே, எப்போதிலிருந்து கிடக்கிறது, யாராவது தொட்டார்களா, நகர்த்தினார்களா, ஏன் சந்தேகம் வந்தது? படம் வரைந்து காட்டச் சொல்வார். கைப்பேசியில் யாராவது எடுத்த புகைப்படம் இருந்தால் அதைப் பெரிதாக்கிப் பார்ப்பார். இந்த அரைமணி நேரப் பேச்சில் கிடைக்கிற தகவலைப் பிறகு எந்த ரோபோவாலும் கொண்டுவர முடியாது. "அந்தப் பையை நான்தான் ஓரமாக எடுத்து வைத்தேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அசைத்தால் வெடிக்கிற வகையாக இருக்கும் வாய்ப்பு குறைகிறது என்று தெரியும். அதற்காக அந்த வாய்ப்பு முழுவதுமாகப் போய்விட்டது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

இந்தப் பேச்சு நடக்கும்போதே ஆட்களை வெளியேற்றும் வேலையும் நடந்துகொண்டிருக்கும். எவ்வளவு தூரம் என்பது ஊகம் கிடையாது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் எஃப்.பி.ஐ.யும் வெளியிட்ட தூர அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 2.3 கிலோ வெடிபொருள் உள்ள குழாய்க் குண்டுக்குக் கட்டாயம் காலி செய்ய வேண்டிய தூரம் 21 மீட்டர். 23 கிலோ உள்ள சூட்கேஸுக்கு 46 மீட்டர். 227 கிலோ உள்ள காருக்கு 98 மீட்டர். கவனித்துப் பாருங்கள், வெடிபொருள் 100 மடங்கு கூடியபோது தூரம் 5 மடங்குகூடக் கூடவில்லை. அதிர்வலை ஒரு கோளம்போல எல்லாத் திசையிலும் விரிவதால், அதே அழுத்தம் எட்டும் தூரம் வெடிபொருள் எடையின் கனமூலத்தைப் பொறுத்துக் கூடுகிறது. 100-இன் கனமூலம் 4.64. அதை 21-ஆல் பெருக்கினால் 97 மீட்டர் சொச்சம், அட்டையில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

ஆனால் இதே அட்டையில் இன்னொரு வரிசை உண்டு: திறந்தவெளியில் நிற்பவர் போய்ச்சேர வேண்டிய தூரம். குழாய்க் குண்டுக்கே அது 366 மீட்டர். சூட்கேஸுக்கு 564 மீட்டர். முதல் வரிசை கட்டடம் இடிவதைக் கணக்கில் எடுத்த தூரம். இரண்டாவது, பறந்துவரும் சில்லுகளையும் உடைந்துவிழும் கண்ணாடியையும் கணக்கில் எடுத்தது. மஞ்சள் நாடா கட்டி, 30 மீட்டர் தள்ளிக் கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கிற காட்சியைத் திரையில் அடிக்கடி பார்க்கிறோம். அந்தக் கூட்டத்தில் இருப்பவர்களைக் காயப்படுத்த ஒரு குழாய்த் துண்டே போதும். இரண்டு தெரு தள்ளி மாடி ஜன்னலில் நின்று படம் பிடிப்பவரும் பத்திரமாக இல்லை. அவருக்கு ஆபத்து குண்டிலிருந்து நேராக வருவதைவிட, எதிரே உள்ள ஜன்னல் கண்ணாடியிலிருந்து வரும். ஒதுங்குவதென்றால் கெட்டியான சுவருக்குப் பின்னால், கண்ணாடியில்லாத இடத்தில் ஒதுங்க வேண்டும்.

வந்து இறங்கிய படையினர் நிற்கிற இடமும் சந்தேகத்துக்கு உரியதுதான். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு பையை வைத்துவிட்டு, காவல்துறை வண்டிகள் எங்கே வந்து நிற்கும் என்று யோசித்து அங்கே இரண்டாவது குண்டை வைப்பது பழைய தந்திரம். அதனால் எங்கே நின்றாலும் முதலில் சுற்றி 5 மீட்டர் கண்ணால் துழாவ வேண்டும், அங்கேயே தங்கி வேலை செய்யப்போகிறோம் என்றால் 20 மீட்டர் வரை நடந்து பார்க்க வேண்டும். குப்பைத்தொட்டி, நிறுத்தியிருக்கும் வண்டிகளின் அடிப்பக்கம், பூந்தொட்டி. திரையில் இதை ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. எனக்கு மிகவும் குறையாகப் படுவது இதுதான், ஏனென்றால் இந்த அலட்சியத்தில் உயிர்கள் போகக்கூடும்.

இன்னொன்று வாக்கி-டாக்கி. குண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கதாநாயகன் மேலதிகாரியோடு வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டே இருப்பார். மின்சார டெட்டனேட்டரிலிருந்து, அதாவது முக்கிய வெடிபொருளை வெடிக்கத் தூண்டும் சிறு வெடியிலிருந்து, நீண்டிருக்கும் இரண்டு கம்பிகளும் ஆன்டெனா மாதிரி வேலை செய்யக்கூடியவை. பக்கத்தில் வலுவான ரேடியோ அலை எழுந்தால் அதில் மின்னோட்டம் ஓட வாய்ப்பு உண்டு. அதனால்தான் சந்தேகப் பொருளை யாராவது பார்த்தால் முதலில் விலகிப்போங்கள், பிறகு போன் செய்யுங்கள் என்று சொல்கிறார்கள். தண்ணீரில் முக்குவது, மேலே மணல் மூட்டை அடுக்குவது, வெளியே தூக்கிக்கொண்டு ஓடுவது என்று பயிற்சி இல்லாதவர்கள் செய்கிற எதுவும் நிபுணரின் வேலையைக் கடினமாக்கத்தான் செய்யும்.

இப்போது ரோபோ. 1972-இல், வட அயர்லாந்தில் கார் குண்டுகள் மலிந்திருந்த காலத்தில், பிரிட்டிஷ் ராணுவத்தின் லெப்டினன்ட் கர்னல் பீட்டர் மில்லருக்கு ஒரு யோசனை தோன்றியது. தோட்டவேலைக்கான மின்சாரத் தள்ளுவண்டியின் அடிச்சட்டத்தை எடுத்து, அதைத் தூரத்திலிருந்து ஓட்டி, சந்தேகக் காரின் அடியில் கொக்கி மாட்டி, கயிறு கட்டி இழுத்துவிடலாம் என்பது யோசனை. அப்படிப் பிறந்ததால் அதற்குப் பெயரே 'வீல்பாரோ', அதாவது தள்ளுவண்டி. பிறகு அதில் கேமரா வந்தது, கை வந்தது, சங்கிலிப் பட்டைச் சக்கரம் வந்தது. அங்கே பணிபுரிந்த வெடிகுண்டு நிபுணர் பிரிவின் சின்னம் ஃபீலிக்ஸ் என்ற பூனை. ஒன்பது உயிர் உள்ளதாக அவர்கள் நம்பும் பிராணி. எத்தனை பேருக்கு அந்த ஒன்பதும் போதாமல் போனது என்பதை அந்தப் பிரிவு மறக்கவில்லை.

ரோபோவை ஓட்டுவது வீடியோ கேம் மாதிரி என்று நினைத்தால் தவறு. கேமராப் படத்தில் ஆழம் தெரியாது. ரோபோவின் விரல் பையின் கைப்பிடிக்கு 2 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறதா, ஏற்கெனவே தொட்டுவிட்டதா என்பது ஒற்றைக் கேமராவில் புரியாது. அதனால் பக்கவாட்டில் இன்னொரு கேமரா வைப்பார்கள். அது முடியாவிட்டால் விரலின் நிழல் பையில் விழுவதைப் பார்த்து, விரலும் நிழலும் சேரும் புள்ளியை வைத்துத் தூரத்தைக் கணிப்பார்கள். ரேடியோ வழியாக ஓட்ட முடியாத இடங்களில் பின்னாலேயே ஃபைபர் கேபிள் இழுத்துக்கொண்டு போகும். அதைத் திருப்பும்போது தன் கேபிள் மேலேயே ஏறி அறுத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிற கோளாறு. படிக்கட்டு, உருண்டைக் கைப்பிடி உள்ள கதவு, உள்பக்கமாகத் திறக்கும் குறுகலான கழிவறைக் கதவு என்று மனிதன் ஒரு நொடியில் கடக்கிற இடத்தில் ரோபோவுக்கு அரைமணி நேரம் போகும்.

பைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எக்ஸ்-ரே. பையின் ஒரு பக்கம் கருவி, மறுபக்கம் பட்டையான பலகை. பலகை பைக்கு எவ்வளவு நெருக்கமாக நிற்கிறதோ, படம் அவ்வளவு தெளிவாக வரும். எக்ஸ்-ரே படம் வெறும் நிழல் என்பதை மறக்கக்கூடாது. பேட்டரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற பொருள் அதில் தெரியாது. அதனால் பக்கவாட்டிலிருந்து இன்னொரு படம் வேண்டும். பேட்டரி, ஒயர், உலோகம் அழுத்தமாக விழும். வெடிபொருள் மங்கலாக, சாப்பாட்டுப் பொட்டலம் மாதிரியே விழும். படத்தைப் பார்த்து "குண்டு இல்லை" என்று சொல்வதற்கு, "குண்டுதான்" என்று சொல்வதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும்.

குண்டுதான் என்று தெரிந்தால் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் தண்ணீரால் சுடுவார்கள். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. தடித்த எஃகுக் குழாயில் தண்ணீரை அடைத்து, பின்னால் ஒரு தோட்டாவை வெடிக்க வைத்தால், தண்ணீர் நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் ஈட்டி போலப் பாயும். 1970-களின் தொடக்கத்தில் அதே வட அயர்லாந்துப் பணிக்காக உருவான 'பிக்ஸ்டிக்' இந்த வகையின் முன்னோடி. பையைக் கிழித்து, உள்ளே உள்ள பாகங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிய்த்தெறிந்துவிடும். மின்சுற்று செயல்பட்டு டெட்டனேட்டரை வெடிக்க வைப்பதற்குள் அந்தச் சுற்றே இல்லாமல் போக வேண்டும் என்பதுதான் கணக்கு. எந்தக் கோணத்தில், எந்த இடத்தைக் குறிவைப்பது என்பதை எக்ஸ்-ரே சொல்லும். குறி சற்றுப் பிசகினால் பை கந்தலாகும், சுற்று மட்டும் முழுசாகக் கிடக்கும். அப்போது முன்பைவிட மோசமான நிலை. அதனால் சுட்டதும் ஓடிப்போய்ப் பார்ப்பதில்லை. காத்திருக்க வேண்டும், ரோபோ திரும்பவும் போக வேண்டும், திரும்பவும் படம் எடுக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பு திரையில் வரவே வராது. டைமர் ஓடுகிறது, ஆகவே அவசரம் என்று சினிமா சொல்லும். களத்தில் கணக்கு நேரெதிர்: ஆட்களை வெளியேற்றிவிட்டோம், ஆகவே அவசரம் இல்லை. வெடிக்கத்தான் வேண்டும் என்றால் காலிக் கட்டடத்தில் வெடிக்கட்டும். எத்தனை மணிக்கு வெடிக்கும் என்று காட்டும் பெரிய திரையைக் குண்டு வைப்பவன் நிபுணரின் வசதிக்காகப் பொருத்துவதும் இல்லை.

ஒயரின் நிறமும் அதே மாதிரிதான். கையில் எந்த ஒயர் கிடைத்ததோ அதைத்தான் செய்தவன் போட்டிருப்பான். எல்லாமே கறுப்பாகவும் இருக்கலாம். ஒயரை வெட்டினாலே வெடிக்கிற அமைப்பும் உண்டு. கையால் திறந்து வேலை செய்வது மிக அரிதான கடைசி வழி. இந்தத் துறையில் அதற்குத் தனி வகைப்பாடே இருக்கிறது: உடனே ஏதாவது செய்யாவிட்டால் உயிர்ச்சேதம் நிச்சயம் என்ற 'ஏ' வகை. ஒருவர் உடலோடு குண்டு கட்டப்பட்டிருக்கிறது, அவரை வெளியேற்ற வழியில்லை என்பது மாதிரியான நிலை. அப்போது மட்டும் நிபுணர் தன் உயிரைப் பணயம் வைக்கிறார். மற்ற எல்லா வகையிலும் கட்டடமோ காரோ பணயம். 2003-இல் அமெரிக்காவின் எரீ நகரில் கழுத்தில் குண்டு பூட்டப்பட்ட ஒருவர், நிபுணர்கள் வந்துசேர்வதற்குச் சில நிமிடங்கள் முன்பு வெடித்து இறந்தார். எத்தனை திறமை இருந்தாலும் வந்துசேர நேரம் பிடிக்கிறது.

1980 ஆகஸ்டில் அமெரிக்காவின் நெவாடாவில் ஹார்வீஸ் என்ற சூதாட்ட விடுதியில் நடந்ததைப் படமாக எடுத்தால் யாரும் வெற்றி என்று சொல்லமாட்டார்கள். பணம் கேட்டு மிரட்டி, சுமார் 450 கிலோ டைனமைட் அடங்கிய இரண்டு எஃகுப் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக உள்ளே வைத்துவிட்டுப் போனார்கள். நிபுணர்கள் ஒரு நாளுக்கு மேல் எக்ஸ்-ரே எடுத்து ஆராய்ந்தார்கள். மேல்பெட்டியில் கட்டுப்பாட்டுச் சுற்றும் கீழ்ப்பெட்டியில் டைனமைட்டும் இருப்பதாகக் கணித்து, குறிவைத்து வெட்டும் வெடிப்பால் இரண்டையும் பிரித்துவிட முடிவு செய்தார்கள். மேல்பெட்டியிலும் டைனமைட் இருந்தது. முழுவதும் வெடித்து, விடுதியின் பல மாடிகளைக் குடைந்துகொண்டு போனது. முயற்சி தோற்றது. ஆனால் விடுதி முன்னதாகவே காலி, வெடிப்பைத் தூரத்திலிருந்து இயக்கினார்கள், ஒருவருக்கும் காயமில்லை. இந்தத் தொழிலின் அளவுகோலில் அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பெரிய கவச உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடை 35 கிலோவுக்கு மேல். தனியாகப் போட்டுக்கொள்ள முடியாது, உதவியாளர் ஒவ்வொரு பாகமாக மாட்டிவிட வேண்டும். கழுத்தைச் சுற்றி உயர்ந்த காலர், தலைக்கவசத்துக்குள் கண்ணாடி மங்காமல் இருக்கச் சின்ன மின்விசிறி, முதுகெலும்புக்குத் தனிக் காப்பு. பின்னால் தூக்கியெறியப்பட்டு விழும்போது முதுகு முறியக் கூடாது என்பதற்காக அந்தக் காப்பு. இத்தனைக்கும் கைகள் வெறுங்கைகளாகத்தான் இருக்கும். தடித்த கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு இருக்காது. உடல் சூடு வெளியேற வழியில்லாததால் சிறிது நேரத்திலேயே வியர்வை கண்ணில் இறங்கும், யோசனை மந்தமாகும். திரையில் அதைப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள், எகிறிக் குதிப்பார்கள். நிஜத்தில் குனிந்தால் நிமிர்வதே பெரிய பாடு. சிறிய குண்டுக்கு அது உயிர் காக்கும். பெரிய குண்டுக்குப் பக்கத்தில் எந்த உடையும் காப்பாற்றாது.

சினிமா டிக்-டிக் சத்தத்துக்கு ஒரு நிஜ மூலம் உண்டு. 1940-இல் லண்டன் மேல் விழுந்த ஜெர்மானியக் குண்டுகளில் எண் 17 என்று பொறித்த திரி, அதாவது குண்டை வெடிக்க வைக்கும் கருவி, இருந்தால் உள்ளே கடிகாரம். விழுந்து 72 மணி நேரம்வரைகூட ஓடக்கூடியது. வெடிக்காத குண்டு என்று நினைத்து விட்டுவிட்டால் மூன்றாம் நாள் வெடிக்கும். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார்கள், பெரிய மின்காந்தத்தைக் கவிழ்த்துக் கடிகாரத்தை நிறுத்தினார்கள். அதே குண்டில் எண் 50 திரியும் இருந்தால், அசைத்தாலே வெடிக்கும். திரியைக் கழற்றி எடுத்தால் வெடிக்கும்படி அதற்கு அடியில் 'சுஸ் 40' என்ற பொறியை வைத்தார்கள். அது குண்டுக்காக வைத்த பொறி இல்லை, குண்டைக் கழற்றுகிற மனிதனுக்காக வைத்த பொறி. அதற்குப் பிறகுதான் திரியைத் தொடாமல், குண்டின் ஓட்டில் துளைபோட்டு நீராவி செலுத்தி வெடிபொருளையே கரைத்து வெளியே எடுக்கும் முறை வந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் புனித பால் பேராலயத்தின் பக்கத்தில் சுமார் 1000 கிலோ குண்டு விழுந்து மண்ணுக்குள் புதைந்தது. லெப்டினன்ட் ராபர்ட் டேவிஸின் குழு மூன்று நாள் தோண்டி அதை வெளியே எடுத்தது. அவரே லாரியை ஓட்டிக்கொண்டு ஹாக்னி சதுப்பு நிலத்துக்குக் கொண்டுபோய் வெடிக்கச் செய்தார். அவருக்கும் ராணுவப் பொறியாளர் படையின் சிப்பாய் (சாப்பர்) ஜார்ஜ் வைலிக்கும் வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கிடைத்தது. 1941 மே மாதம் எரித் சதுப்பு நிலத்தில், குண்டுகளைச் செயலிழக்கச் செய்துவந்த சஃபோக் பிரபு சார்லஸ் ஹோவர்டும், அவருடைய செயலர் பெரில் மார்டனும், ஓட்டுநர் ஃபிரெட் ஹார்ட்ஸும் ஒரே குண்டில் இறந்தார்கள். தூரத்தைப் பற்றிய இன்றைய விதிகள் எல்லாம் இப்படிப்பட்டவர்களின் மரணத்திலிருந்து எழுதப்பட்டவை.

அந்தப் போர் இன்னும் முடியவில்லை என்றுகூடச் சொல்லலாம். நேச நாடுகள் ஜெர்மனி மேல் போட்ட குண்டுகளில் ஒரு வகைத் திரியில் கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன் இருக்கும். குப்பி உடைந்து அசிட்டோன் ஒரு செல்லுலாய்டு வில்லையைக் கரைத்தால், அது பிடித்துவைத்திருந்த ஊசி பாயும். மண்ணுக்குள் மூக்கு மேல்நோக்கித் திரும்பிக் கிடந்தால் அசிட்டோன் வில்லைவரை சரியாக எட்டுவதில்லை. ஆனால் வில்லை இத்தனை ஆண்டுகளில் தானாகவே நொறுங்கும் பதத்துக்கு வந்துவிட்டது. 2010 ஜூனில் கோட்டிங்கனில் இப்படி ஒரு குண்டு, வேலை தொடங்குவதற்கு முன்பே வெடித்து மூன்று நிபுணர்கள் இறந்தார்கள். 2011-இல் கோப்ளென்ஸில் ரைன் நதி வற்றியபோது வெளிப்பட்ட 1.8 டன் குண்டுக்காக 45,000 பேரை வெளியேற்றினார்கள். 2017-இல் பிராங்க்பர்ட்டில் 60,000 பேருக்கு மேல். மருத்துவமனைகளையே காலி செய்து நோயாளிகளை மாற்றினார்கள். குண்டுக்குப் பக்கத்தில் நடக்கும் வேலை சில மணி நேரம். அதற்கு முன்னால் பேருந்து, ஆம்புலன்ஸ், தங்குமிடம், வீடு வீடாகக் கதவு தட்டுதல் என்று நாள்கணக்கில் வேலை.

வெடிப்பைப் பற்றி இரண்டு விஷயம். திரையில் வரும் ஆரஞ்சு நெருப்புப் பந்து பெட்ரோல் எரிவது. உயர்ரக வெடிபொருள் வெடித்தால் கண்ணிமைக்கும் நேரப் பளிச், பிறகு சாம்பல் நிறப் புகையும் தூசியும்தான். டி.என்.டி. என்ற உயர்ரக வெடிபொருளுக்குள் வெடிப்பு பரவும் வேகம் நொடிக்குச் சுமார் 6,900 மீட்டர். வெளியே வரும் அதிர்வலை தொடக்கத்தில் ஒலியைவிட வேகமாகப் போகும். அதை முந்தி ஓடிக் குதித்துத் தப்பிக்க யாராலும் முடியாது. வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு திடீரென்று கூடினாலே செவிப்பறை கிழியலாம். கண்ணிவெடியில் கால்வைத்ததும் 'க்ளிக்' என்று சத்தம் வந்து, காலை எடுத்தால்தான் வெடிக்கும் என்பதும் திரையின் கற்பனையே. சாதாரணக் கண்ணிவெடி மிதித்த கணமே வெடிக்கும்.

குண்டை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் கதை முடிந்தது என்பது இன்னொரு நம்பிக்கை. 2021 ஜூன் 30-இல் லாஸ் ஏஞ்சலஸில் பறிமுதல் செய்த கள்ளப் பட்டாசுகளை, வெடிப்பைத் தாங்கும் எஃகுக் கலத்துக்குள் வைத்து அழிக்க முயன்றார்கள். உள்ளே 16.5 பவுண்டு வெடிபொருள் இருக்கும் என்று கண்ணால் பார்த்துக் கணித்தார்கள். உண்மையில் இருந்தது சுமார் 42 பவுண்டு. கலம் சிதறி 17 பேர் காயமடைந்தார்கள். சுற்றியிருந்த வீடுகள் சேதமாயின. தராசில் வைத்து எடை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ரோபோ தன் வேலையை முடித்த பிறகும் கடைசியில் ஒரு மனிதர் போய்த்தான் ஆக வேண்டும். கவச உடையோடு, ஒருவர் மட்டும். கிழிந்த பையின் துண்டுகளைப் பார்த்து டெட்டனேட்டர் எங்கே, பேட்டரி எங்கே, இரண்டும் பிரிந்து கிடக்கிறதா என்று தேடுவார். டெட்டனேட்டர் கண்ணில் படும்வரை இடம் பத்திரம் என்று அறிவிக்க மாட்டார். பிறகு தடயவியல் ஆட்கள் வருவார்கள். தண்ணீர் சிதறடித்த ஒவ்வொரு துண்டையும் புகைப்படம் எடுத்து, எண் போட்டு, தனித்தனி உறையில் வைப்பார்கள். ஒயரைச் சுற்றிய டேப்பின் பசைப் பக்கத்தில் விரல்ரேகை பதிந்திருக்கும். அதனால் நனைந்த டேப்பைச் சுருட்டி எறிந்துவிடாதீர்கள் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே சொல்லிவைக்கிறார்கள்.